போல்ட் இறுக்கும், இடம் காட்டாது: பழைய காரில் எஞ்சின் மாற்றும் கணக்கு

எஞ்சின் மாற்றி மூன்றே மாதத்தில் மாமாவின் அம்பாசடரில் டாப் கியர் நழுவ ஆரம்பித்தது. ஆம்பூர் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், 'டக்' என்று நியூட்ரலுக்கு வந்துவிடும். கூடவே ஒரு கீச்சுச் சத்தம். கிளட்சை மிதித்தால் அது கூடும், விட்டால் குறையும். எஞ்சினில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சிசி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு வந்த பரம்பரை. சுமார் 50 குதிரைத்திறன். அம்பாசடரைத் தயாரித்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் காண்டெஸா காரில் ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1817 சிசி எஞ்சினைப் போட்டது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கும் அதே எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு கொடுத்தது, 75 குதிரைத்திறன். அதைப் பார்த்து, பழைய அம்பாசடர் வைத்திருந்தவர்கள் உடைக்கப் போகும் காண்டெஸாவைத் தேடி அலைந்தார்கள். மாமாவும் அலைந்தார். ஒன்று கிடைத்தது. ஆனால் அவருக்கு எஞ்சின் மட்டும்தான் வேண்டும். கியர் பெட்டியையும் மாற்றினால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கைக் கியர் போய், தரையில் கம்பி முளைக்கும். முன் சீட்டில் மூன்று பேர் உட்கார முடியாது. நடுவில் உட்காரும் ஆள் அப்போது நான்தான்.

ஆக, புது எஞ்சின், பழைய கியர் பெட்டி. இரண்டின் போல்ட் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்து, ஒரு பக்கம் எஞ்சினின் ஓட்டைகளையும் மறுபக்கம் பெல் ஹவுசிங்கின், அதாவது கியர் பெட்டியின் முன்னால் கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூட்டின், ஓட்டைகளையும் போட வேண்டும். லேத் பட்டறையில் அளவெடுத்து வெட்டிக் கொடுத்தார்கள். போல்ட் எல்லாம் அழகாக ஏறின. தப்பு அங்கேதான் ஒளிந்திருந்தது.

காட்பாடி ரோட்டில் பட்டறை வைத்திருந்த பாய் பெட்டியைக் கழற்றியதும் எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் வால் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் குழி, அதற்குள் விரல் பருமனுக்குக் கன் மெட்டல் புஷ் ஒன்று. கியர் பெட்டியிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்டின் மூக்கு அதில்தான் உட்காரும். மாமா காரில் புஷ் இருந்த இடத்தில் மஞ்சள் பொடிதான் இருந்தது.

அந்த ஷாஃப்டைப் பிடித்துக்கொள்வது இரண்டே இடங்கள். ஒன்று கியர் பெட்டியின் முன் பேரிங், இன்னொன்று இந்தப் புஷ். பேரிங் பெட்டியைச் சேர்ந்தது, புஷ் எஞ்சினைச் சேர்ந்தது. இரண்டின் மையமும் ஒரே கோட்டில் இல்லையென்றால், சுழலும்போது ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 50 முறை. கிளட்ச் பிடித்திருக்கும்போது கிராங்கும் ஷாஃப்டும் சேர்ந்தே சுற்றுவதால் புஷ் தேயாது. மிதித்த நேரத்தில்தான் ஒன்று ஓட ஒன்று நிற்கும். மிதித்தால் சத்தம் கூடியது இதனால்தான். மூக்கு ஆட ஆரம்பித்ததும் முன் பேரிங்கும் தளர்ந்து, உள்ளே பல்லோடு பல் நேராகப் பிடிக்காமல் கியர் நழுவுகிறது.

"போல்ட்டு இறுக்கும் தம்பி, இடம் காட்டாது" என்றார் பாய். போல்ட் ஓட்டை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அந்தத் தளர்ச்சி இல்லையென்றால் போல்ட்டே ஏறாது. பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது டவல் பின் எனப்படும் இரண்டு சிறு முளைகள், ஓட்டைக்குள் தட்டித்தான் ஏற்ற முடியும். எங்கள் தகட்டில் முளையே வைக்கவில்லை. போல்ட்டை நம்பிவிட்டார்கள்.

பாய், கிராங்கின் வாலில் இருக்கும் கனச் சக்கரமான ஃபிளைவீலில் ஒரு டயல் கேஜை (நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் கருவி) முடுக்கி, அதன் முனையைப் பெல் ஹவுசிங்கின் நடு வட்டத்தில் தொட வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஏறி, அரைச் சுற்றில் இறங்கி, பழைய இடத்துக்கு வந்தது. மொத்த அசைவு அங்குலத்தில் ஆயிரத்தில் 22 பங்கு. அதில் பாதி, அதாவது 11 பங்கு, மைய விலகல். மில்லிமீட்டரில் சொன்னால் கால் மில்லிக்குக் கொஞ்சம் அதிகம். முள்ளின் மொத்த அசைவு ஆயிரத்தில் 5 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தச்சரும் கொத்தனாரும் 'ஒரு நூல்' என்று சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அந்த நூலை இருபத்தைந்தாகக் கிழித்தால் ஒரு இழைதான் இந்த ஆயிரத்தில் 5. கண்ணால் பார்த்து வைக்கிற காரியமில்லை.

தகட்டைச் சரிசெய்வதைவிட காண்டெஸாவின் ஐந்து கியர் பெட்டியையே போட்டுவிடலாம் என்று பாய் சொன்னார். என் கட்சியும் அதுதான். எஞ்சினையும் பெட்டியையும் ஜோடியாக எடுத்தால், மிகவும் நுணுக்கமான இந்த இணைப்பைத் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் எண்ணிக்கை, ஷாஃப்டின் நீளம், ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கும் இடம் என்று எதற்கும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என் சீட் போனதுதான் நஷ்டம்.

ஆனால் தொல்லை பின்னால் நகர்ந்தது. புதுப் பெட்டி நீளம், அதனால் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கினார்கள். வண்டி எடுத்ததும் 50ஐத் தாண்டினால் காலுக்கடியில் அதிர்வு. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் யுனிவர்சல் கிராஸுக்கு, அதாவது கோணலாக நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுக்கு, ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஷாஃப்ட் கோணலாக நின்றால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 10 பாகையானால், 2000 சுற்று என்பது 1970க்கும் 2031க்கும் இடையில் ஊசலாடும்.

இதற்கு மருந்தும் இன்னொரு கிராஸ்தான். பின் கிராஸும் அதே கோணத்தில் நின்று, கிராஸைப் பிடிக்கும் ஷாஃப்டின் இரண்டு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருந்தால், முன்னது கூட்டியதைப் பின்னது குறைத்துவிடும். ஆக்சிலுக்குப் போவது சீரான சுழற்சி. காதுகள் கால் சுற்று விலகினால் கதை தலைகீழ்: குறைப்பதற்குப் பதில் இரட்டிப்பாகும். எங்கள் ஷாஃப்டில் வெல்டிங் வைத்தவர் காதுகளை அப்படித்தான் விலக்கி வைத்திருந்தார். மறுபடி வெட்டி, காது பார்த்து, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு ஒட்டினார்கள். பின் ஆக்சிலின் மூக்கைச் சற்றுத் தூக்க, லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு ஒன்று போட்டார்கள். அதிர்வு நின்றது.

சரி, இவ்வளவும் செய்து என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. சக்கரத்தின் சுற்றளவு 2.05 மீட்டர், ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 9 பல், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கு 41 பல் என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 650 சுற்று. ஷாஃப்ட் சுமார் 2960. நாலாவது கியர் நேரடி இணைப்பு என்பதால் எஞ்சினும் அதே 2960. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால் எஞ்சின் 2520க்கு இறங்கும். பெங்களூர் சாலையில் நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு சத்தமும் தேய்மானமும் குறையும்.

டீசல் போட்டவர்களின் கதை வேறு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை அது பெட்ரோலைவிட நன்றாகவே மலிவு. அதனால் மேட்டடோர் வேன் எஞ்சினை அம்பாசடரில் ஏற்றியவர்கள் ஏராளம். பலர் மறந்தது பிரேக்கை. பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியை ஒரு தகடு மூடித் திறப்பதால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் இருக்கும் வண்டியில் மிதியை இலகுவாக்குவது அந்த வெற்றிடம்தான். டீசலில் பொதுவாக அந்தத் தகடு கிடையாது. தனியாக வேக்குவம் பம்ப் வைக்காவிட்டால், பூஸ்டர் இருந்தும் பிரேக் கல்லாக இருக்கும். எஞ்சினின் எடையும் கூடியிருக்க, பிரேக் இப்படி இருந்தால் எப்படி?

மாமாவின் கடைசிச் சோதனை ஏலகிரி, மே மாதம். 14 கொண்டை ஊசி வளைவு. எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 75 குதிரைத்திறனை முழுசாகப் பிழிந்தால் அது சுமார் 50 கிலோவாட், பக்கெட்டில் தண்ணீர் காய வைக்கும் காயில் ஐம்பதை ஒன்றாகப் போட்ட மாதிரி. தண்ணீர் 90 பாகை, வெளிக்காற்று 30 என்றால் இடைவெளி 60. நம்மூர் வெயிலில் காற்று 40 ஆனால் இடைவெளி 50தான்; அதே ரேடியேட்டர் ஆறில் ஒரு பங்கு சோம்பேறியாகிவிடும். மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் எதிர்காற்றும் இருக்காது, எல்லாம் ஃபேனை நம்பித்தான். இசுஸுவின் ஃபேன் ரேடியேட்டரின் நடுவுக்கு நேராக வராமல் தாழ்ந்து நின்றதால், மேல் பாதிக்குக் காற்றே போகவில்லை. ஐந்தாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. திரும்பி வந்து, தகர வேலை செய்பவரிடம் ஃபேனைச் சுற்றி ஒரு கூடு கட்டி, ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்க வைத்தோம். மறுமுறை மலை மேலிருக்கும் அத்தனாவூர்வரை நிற்காமல் ஏறியது.

மாமா அப்போதே ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணை மாற்றியிருந்தார். இன்று அவ்வளவு எளிதல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி விலகக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஒன்று மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் பல் அந்தப் பெட்டிக்குள் காண்டெஸாவின் சக்கரக் கணக்குக்கு வெட்டியது. அம்பாசடரில் ஒரு கிலோமீட்டருக்கு ஷாஃப்ட் சுற்றுவது அதிகம், அதனால் மீட்டர் எப்போதும் கூட்டியே காட்டும். பாய் பல்லைத் தேடினார், கிடைக்கவில்லை. மாமா என் கையில் தன் வாட்சைக் கொடுத்து, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை விநாடி எண்ணச் சொன்னார். 45 விநாடி. அப்படியானால் 80 கி.மீ. மீட்டரில் முள் 90ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. மாமா வெள்ளை பெயிண்டை எடுத்து, கண்ணாடி மேலேயே அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.