டங்ஸ்டன் மின்முனை: உருகக் கூடாத கம்பி

2024 கடைசியில் மதுரை அரிட்டாபட்டிச் சுரங்க ஏலத்தால் தமிழ்நாடு முழுக்க ஒலித்த சொல் டங்ஸ்டன். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் பேச்சு ஓய்ந்தது. ஆர்கான் வாயுவின் காப்பில் டங்ஸ்டன் மின்முனையைக் கொண்டு உலோகங்களை இணைக்கும் ஆர்கான் வெல்டிங் பட்டறைகளுக்கு மட்டும் அது என்றைக்குமே அன்றாடச் சொல். "டங்ஸ்டன் மழுங்கிடுச்சு, தீட்டிட்டு வாடா தம்பி" என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

சுவீடன் மொழியில் 'டுங்' என்றால் கனம், 'ஸ்டேன்' என்றால் கல். இன்று ஷீலைட் எனப்படும் கனிமத்துக்கு அங்கே இட்ட பெயர் அது. 1783இல் ஸ்பெயினின் எலுயார் சகோதரர்கள் உலோகத்தைத் தனியே பிரித்தெடுத்தது வேறொரு கனிமத்திலிருந்து: வுல்ஃப்ரமைட். வெள்ளீயம் உருக்கும்போது இந்தக் கனிமம் கலந்திருந்தால் விளைச்சல் குறையும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல் வெள்ளீயத்தைத் தின்கிறது என்று ஜெர்மானியச் சுரங்கத்தார் அதற்கு ஓநாயின் பெயரை வைத்தார்கள். தனிமத்தின் குறியீடு 'டபிள்யூ' ஆனது இதனால்தான். சுவீடன்காரர்களே இன்று வோல்ஃப்ராம் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் ஒலியை இசைவாக்கித் 'தங்குதன்' என எழுதுவோரும் உண்டு. 'கனக்கல்' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அது கல்லின் பெயர், உலோகத்தின் பெயரன்று.

எலக்ட்ரோடு என்ற சொல்லை 1834இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்' அம்பர் பிசின், 'ஹோடோஸ்' வழி. நம் பாடநூல்களில் மின்வாய், மின்முனை இரண்டும் உண்டு. 'வாய்' என்பதற்கு வழி என்ற பொருளும் இருப்பதால் மூலத்துக்கு நெருக்கமானது மின்வாய். ஆனால் கூராகத் தீட்டிய டங்ஸ்டன் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் மின்முனை என்றுதான் சொல்வார்.

குழப்பம் 'ராடு' என்ற சொல்லில் இருக்கிறது. சாதாரண ஆர்க் (மின்வில்) வெல்டிங்கில் ராடுதான் மின்முனை, அதுவே உருகி இணைப்பாகவும் ஆகிறது. டிக் முறையில், அதாவது ஆர்கான் வெல்டிங்கில், வேலை இரண்டாகப் பிரிகிறது: இணைப்பை நிரப்பும் ஃபில்லர் ராடு உருகும், டங்ஸ்டன் உருகக் கூடாது. எனவே சரியான தமிழ் 'உருகா மின்முனை'. உருகுநிலை 3422 டிகிரி செல்சியஸ். உலோகங்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை. அப்படியும் தவறான மின் இணைப்பிலோ அளவுக்கு மீறிய ஆம்பியரிலோ முனை உருகிச் சொட்டும்.

எஃகு, ஸ்டெயின்லெஸ், செம்பு, டைட்டானியம் ஆகியவற்றுக்கு நேர்மின்னோட்டம், மின்முனை எதிர்ப்பக்கம். வெப்பத்தில் சுமார் 70 விழுக்காடு ஜாபில் (வெல்டு செய்யும் பொருளில்) இறங்குவதால் கூர்முனை நிற்கும். அலுமினியத்தின் கதை வேறு. அது 660 டிகிரியில் உருகும். மேலே படிந்த ஆக்சைடுத் தோலோ 2000 டிகிரியைத் தாண்டியும் உருகாது. தோலை உடைக்க மாறுமின்னோட்டம் வேண்டும். மின்முனை நேர்ப்பக்கமாகும் அரைச்சுற்றில் தோல் கழன்றுபோகும். அதே நொடியில் முனையும் கொதித்து உருண்டை கட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் அலுமினியத்துக்குப் பச்சை முனை (வகை தெரிய ஒரு நுனியில் பச்சை பூசிய சுத்த டங்ஸ்டன்) அல்லது வெள்ளை முனை (சிர்கோனியம் கலந்தது) போட்டது இதற்காகத்தான்.

சிவப்பு முனையில் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, சாம்பலில் சீரியம், நீலத்தில் லாந்தனம். மூன்றும் எலக்ட்ரான் எளிதில் கிளம்ப உதவுகின்றன; ஆர்க் சட்டென்று பிடிக்கும். வியப்பு என்னவென்றால், இந்த மூன்று தனிமங்களும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. இவற்றில் தோரியம் கதிரியக்கம் உடையது. கம்பியைக் கையில் பிடிப்பதைவிடத் தீட்டும்போது எழும் தூசி மூச்சில் போவதே பெரிய ஆபத்து. பழக்கத்துக்காக இன்னும் சிவப்பையே வாங்கும் பட்டறைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீலம் எஃகுக்கும் ஆகும், புதிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினில் அலுமினியத்துக்கும் ஆகும். 70 முதல் 150 ஆம்பியர் வரையான எஃகு வேலைக்கு 1.6 மி.மீ. தடிமனுள்ள கம்பி, அதற்கு மேல் 250 வரை 2.4 மி.மீ. போதும்.

தீட்டும்போது கல்லின் கோடுகள் கம்பியின் நீளவாக்கில் விழட்டும். குறுக்கே தீட்டிய முனையில் ஆர்க் ஓரிடத்தில் நிற்காமல் அலையும்.