ரிஃப் 23, தலையாட்டல் 4: புராக்ரெசிவ் மெட்டலில் குரூவ் எங்கே இருக்கிறது?

சிக்கலான தாளங்கள் கொண்ட மெட்டல் ராக் இசையான புராக்ரெசிவ் மெட்டல் பழகும் குழுக்களில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று உண்டு. கிட்டார் வாசிப்பவர் கடினமான ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) தனியாகச் சுத்தமாக வாசிப்பார். டிரம்ஸ் சேர்ந்ததும் பாட்டு நொண்டும். விரலில் குறை இல்லை. ரிஃபின் நீளத்தையே தாளமாக எண்ணுவதால் வரும் வினை இது.

ஸ்வீடனின் உமியோ நகரத்துக் குழுவான மெஷுகா 1998-இல் வெளியிட்ட 'கேயாஸ்ஃபியர்' ஆல்பத்தில் 'நியூ மில்லேனியம் சயனைடு கிரைஸ்ட்' என்றொரு பாட்டு. அதன் முக்கிய ரிஃப் 23 மாத்திரை நீளம் (ஒரு பீட்டுக்கு 4 மாத்திரை என்ற கணக்கில்). அது ஐந்து முறை வந்து, கடைசியில் 13 மாத்திரைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. மொத்தம் 128. அதாவது சாதாரண 4/4-இல் சரியாக எட்டு பார் (பாருக்கு நான்கு பீட், 16 மாத்திரை). டிரம்மர் தாமஸ் ஹாகேயின் கால்கள் கிட்டாரோடு போகும். கை மட்டும் சிம்பலில் ஒவ்வொரு பீட்டையும் பிசகாமல் அடித்துக்கொண்டிருக்கும். கேட்பவரின் தலை அந்தக் கையோடுதான் ஆடுகிறது; குரூவ் என்பது இப்படி ஆட வைக்கும் ஓட்டம்தான். கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கணக்கு மட்டுமே.

கர்நாடக இசை பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சதுஸ்ர நடை ஆதி தாளத்தில் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. நான்கு ஆவர்த்தனத்துக்கு 128. தாளம் போடும் கை மாறாமல் தொடர, கோர்வை (கணக்கோடு கட்டிய முத்தாய்ப்பு வரிசை) அதைக் குறுக்கே வெட்டிச் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து சேர்வதும் இதே வேலைதான்.

எனவே முதலில் கருவியைத் தொடாதீர்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 பீட்) வைத்து, காலால் நான்கைத் தட்டியபடி வாயால் சொல்லுங்கள்: நான்கு 'தகதிமி', பிறகு 'தகிட தகதிமி'; எழுத்துக்கு ஒரு மாத்திரை, ஆக 23. ஐந்து முறை முடிந்ததும் 'தகதிமி தகதிமி தகதகிட', 13. ஒரு சுற்றுக்கு 32 விநாடி. இந்தப் பிரிப்பு நீளத்தைப் பிடிக்க மட்டுமே. ரிஃபின் உண்மையான அழுத்தங்களைப் பாட்டைக் கேட்டு அதன்மேல் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் வழுக்கும் இடங்கள் இரண்டு. இரண்டாம் முறை ரிஃப் தொடங்குவது இரண்டாவது பாரின் 8-ஆம் மாத்திரையில், அதாவது மூன்றாம் பீட்டுக்கு ஒரே ஒரு மாத்திரை முன்னால். ஸ்நேர் டிரம் அடியை மூன்றாம் பீட்டில் வைத்துப் பழகும்போது அதன் இழுப்பில் கிட்டார் ஒரு மாத்திரை தாமதித்து அதோடு ஒட்டிவிடும். பிறகு மீதிச் சுற்று முழுக்கத் தவறு. ஐந்தாம் முறை இன்னும் ஆபத்து. அது ஆறாவது பாரின் நான்காம் பீட்டில் சரியாக விழுகிறது. காதுக்கு அது 'ஒன்று' போலவே கேட்கும். அங்கே கால் தன்னையறியாமல் புதிதாக எண்ணத் தொடங்கினால் எட்டாவது பாரின் முடிவில் ஆளுக்கொரு இடத்தில் நிற்பீர்கள்.

பதிவு செய்யும்போது கணினியில் பிராஜெக்டின் தாளத்தை 23/16 என்று மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளிக்கின் (மெட்ரோனோம் ஒலியின்) அழுத்தம் ரிஃபோடு நகர்ந்துவிட்டால் எதிர்த்து நிற்க எதுவும் இருக்காது. 4/4, எட்டு பார் லூப் போதும். சுற்று பழகியபின் கிளிக்கை பாருக்கு ஒன்றாகவும், பிறகு நான்கு பாருக்கு ஒன்றாகவும் குறையுங்கள்.

எல்லாச் சிக்கலான பாட்டுக்கும் இதே மருந்து பொருந்தாது. டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) பல்லவியில் 9, 8, 7 என்று பாரே மாறுகிறது. கூட்டினால் 24 எட்டில்-ஒன்றுகள் (அரை பீட் அளவுகள்), மூன்று 4/4 பார் ஆகும்தான். ஆனாலும் அங்கே அடியில் 4/4 ஓடவில்லை. அந்த மாற்றத்தோடு போக வேண்டும். எந்த வகை என்று தெரிய கிட்டாரை விட்டுவிட்டு சிம்பலைக் கேளுங்கள்.

கடைசியாக, ஒலி. 120 வேகத்தில் ஒரு மாத்திரை 125 மில்லி விநாடி. கிக் டிரம்மும் பாம் மியூட்டும் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் கிட்டார் அடி) 30 மில்லி விநாடி பிரிந்தாலே இரண்டு அடியாகக் கேட்கும். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கெய்ன் அதிகமானால் ரிஃபின் இடைவெளிகளில் ஓசை வழிந்து, அடி எங்கே முடிகிறது என்பதே மறைந்துபோகும். வழக்கமாக வைக்கும் கெய்னைக் கணிசமாகக் குறைத்து, மெல்லிய ஓசையை அடைக்கும் நாய்ஸ் கேட்டை வேகமாக மூடும்படி வையுங்கள். அதன் பிறகும் இடைவெளி அழுக்காகக் கேட்டால் கேட்டை இன்னும் இறுக்காதீர்கள். அது அடியின் தலையையே தின்னும். வலது உள்ளங்கையையும் இடது கை விரல்களையும் சரிபாருங்கள்.