வீடற்றோர், வீடிலி, அனாதை: எந்தச் சொல்லை எழுதுவது?

போன டிசம்பரில் எங்கள் பாட்டுக் குழு நாகர்கோவிலில் ஒரு கச்சேரி வைத்தது. பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் இரவில் படுத்துறங்குகிறவர்களுக்காகப் பணம் திரட்டுவதுதான் நோக்கம். நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. "அனாதைகளுக்கு உதவிட வாரீர்" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும், வடசேரி பேருந்து நிலையத்தில் வழக்கமாகப் படுக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒன்றை நீட்டினேன். நிதானமாக வாசித்தார். "மக்களே, எனக்கு ரெண்டு பயலுவ உண்டு. நான் அனாதை இல்ல, கேட்டியா" என்றார்.

அந்தச் சொல்லை எழுதியது நான். அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் குறிப்பு.

'அனாதை' வடமொழி வழி வந்தது. 'நாத' என்றால் காப்பவர். முன்னால் எதிர்மறை சேர்ந்து, காப்பவர் இல்லாதவர் என்று பொருள். 'அகதி'யும் அப்படித்தான்: கதி, அதாவது போக்கிடம், இல்லாதவர். இதற்கு ஈடாக இன்று எழுதப்படும் 'ஏதிலி' நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவரைக் குறிக்கிறது. 'பரதேசி' வேறு தேசத்தவர் என்ற சாதாரணப் பொருளில் பிறந்து, இன்று வசைச்சொல்லாகிவிட்டது. இவற்றில் எதுவும் அந்தப் பெரியவருக்குப் பொருந்தவில்லை. அவருக்கு மக்கள் உண்டு, ஊர் உண்டு, நாடும் உண்டு. இரவில் போய்ப் படுக்க ஒரு கூரை இல்லை.

சரி, 'வீடு' என்றால் என்ன? 'விடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு வந்த பெயர் அது. படு என்பது பாடு ஆவதுபோல, கெடு என்பது கேடு ஆவதுபோல. இலக்கணத்தில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். விடுதலை, விடுதி இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது வரும் வீடு, பற்றெல்லாம் விட்ட நிலை. குடியிருக்கும் வீட்டுக்கும் அதே சொல் நிற்கிறது. அலைச்சலை விட்டுவிட்டு இளைப்பாறும் இடம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தூங்கும்போதுகூட ஒரு கண்ணைப் பையின் மேல் வைத்திருக்கிறவருக்கு அந்த விடுதல் கிடைப்பதே இல்லை.

வீட்டுக்குப் பழைய சொல் 'இல்'. இல்லம், இல்லறம் எல்லாம் அதன் வழியில் வந்தவை. திருக்குறளின் 340ஆம் குறளில் இந்த 'இல்' இரண்டு கோலத்தில் வருகிறது: 'புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு.' புக்கில் என்பது புகுந்து நிலையாகத் தங்கும் வீடு. துச்சில் என்பது சிறிது காலம் ஒதுங்கியிருக்கும் இடம். குறள் பேசுவது உயிரின் நிலையாமையை. ஆனால் பேருந்து நிலையத் திண்ணையை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அது துச்சில். இருக்கலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடுவார்கள்.

எங்கள் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு இன்னொரு சொல்லும் உண்டு: புரை. ஓலைப்புரை என்று இன்றும் சொல்லக் கேட்கலாம். 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் மலையாளத்தோடு சேர்ந்து இருந்த பகுதி என்பதால், இங்குள்ள பத்திரங்களில் வீடும் மரமுமாக இருக்கும் மனை 'புரையிடம்' என்றே எழுதப்படுகிறது. பெயரில் ஒரு சென்ட் புரையிடம் இல்லாதவரை அரசுக் காகிதம் எப்படி அடையாளம் காணும்? முகவரி இல்லையென்றால் ரேஷன் கார்டு இல்லை, கார்டு இல்லையென்றால் முதியோர் உதவித்தொகைக்கு அலைச்சல். சொல்லைத் தாண்டிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பரவலாகப் புழங்குவது 'ஹோம்லெஸ்'. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 'ஹவுஸ்லெஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, ரயில் நடைமேடை, கோவில் மண்டபம் போன்ற இடங்களில் திறந்தவெளியில் தங்குவோர் அந்தக் கணக்கில் வருவார்கள். 2011 பிப்ரவரி 28 இரவில் எடுத்த கணக்கில் நாடு முழுக்க 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். ஒரே இரவில் எண்ணியது என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் எண்ணுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. அசாமின் திப்ரூகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியில்தான் நிற்கிறது. தண்டவாளம் அதற்கு மேல் இல்லை. மனம் கலங்கிய நிலையில் எங்கோ ரயிலேறிய ஒருவர், இடையில் இறக்கிவிட யாரும் இல்லாவிட்டால் வந்து சேரும் இடம் எங்கள் ஊர். அவருக்கு வீடு இருக்கலாம், தேடி அழும் தாயும் இருக்கலாம். வழிதான் இல்லை. இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டிய கடமை காவல் நிலையப் பொறுப்பாளருக்கு உண்டு என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வீடின்றி இருக்கும் மனநோயாளிக்கு இலவச சிகிச்சை உரிமையும் அதில் இருக்கிறது.

2004 சுனாமியில் குளச்சலிலும் மேலமணக்குடியிலும் வீடு போனவர்களின் கதை வேறு. அவர்கள் வீடிழந்தோர். ஊரும் உறவும் சேர்ந்து நின்றன, அல்லது சேர்ந்து அழுதன. அந்தச் சொல்லையும் 'வீடற்றோர்' என்பதையும் ஒன்றாக்கினால் இரண்டு துயரமும் மங்கிவிடும்.

பாட்டுக்காரர்களுக்கும் இந்த மக்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. லண்டனில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ இயக்கம் 1888இல் லைம்ஹவுஸ் பகுதியில் உணவும் தங்க இடமும் தரும் விடுதியைத் திறந்தது. தெருவில் நின்று பித்தளை வாத்தியம் முழக்குவது அந்த இயக்கத்தின் வழக்கம். நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனையை நடத்துவதும் அதே சேனைதான். இன்னும் பின்னால் போனால் நம் பாணர்கள். யாழைத் தூக்கிக்கொண்டு பசியோடு ஊர் ஊராக நடந்தவர்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞருக்கு வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. நடைமேடையில் திகைத்து நிற்பவருக்குப் போர்வையைவிட முதலில் தேவைப்படுவது அதுதான். எங்கள் வசூலில் ஒரு பகுதியைப் போர்வைக்கு ஒதுக்காமல், ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களின் பயணச்சீட்டுக்கு வைத்ததும் இதை யோசித்துத்தான்.

இனி எந்தச் சொல்? 'வீடற்றோர்' அரசுப் பலகையில் நிலைத்துவிட்டது, பிழையும் இல்லை. 'வீடிலி' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ஆளையே ஒரு வகையாக முத்திரை குத்துவதுபோல் எனக்குப் படுகிறது. நான் எழுதுவது 'வீடின்றி வாழ்வோர்'. இன்றைய நிலைமையை மட்டும் சொல்கிறது, நாளை மாறலாம் என்பதற்கும் இடம் விடுகிறது. 'காப்பகம்' என்பதற்குப் பதில் 'இரவுத் தங்கிடம்' எழுதலாம்.

அப்புறம் 'சாரிட்டி கச்சேரி'. கச்சேரி என்பதே அலுவலகத்தைக் குறித்த இந்துஸ்தானிச் சொல், தமிழில் பாட்டு மேடைக்கு வந்துவிட்டது, இருக்கட்டும். 'கொடைக் கச்சேரி' என்று போட ஆசைப்பட்டேன். குமரி மாவட்டத்தில் கொடை என்றால் வில்லுப்பாட்டோடு நடக்கும் கோவில் திருவிழா, எந்த அம்மனுக்குக் கொடை என்றுதான் கேட்பார்கள். அதனால் இந்த ஆண்டு நோட்டீஸில் 'வீடின்றி வாழ்வோருக்கான உதவிக் கச்சேரி' என்று அச்சடித்திருக்கிறோம். வடசேரிப் பெரியவருக்கும் ஒன்று கொடுத்தேன். எத்தனை மணிக்குப் பாட்டு தொடங்கும் என்று கேட்டார்.