மார்கழியில் கோழிக் கொட்டகையை எதுவரை மூடலாம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மார்கழி பிறந்தால் கோழிக் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் ஏறிவிடும். அடியிலிருந்து கூரைவரை சந்துபொந்து விடாமல் கட்டுவார்கள். பத்து நாளில் கோழி கொர் கொர் என்று இழுக்கும். பழி குளிர்மேல் விழும்.

வளர்ந்த கோழியின் உடல்சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. இறகை உப்பிக்கொண்டு நம் ஊர்க் குளிரைச் சமாளித்துவிடும். அடைத்த கொட்டகையில்தான் வம்பு. எச்சத்தின் ஈரமும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கும். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். அந்த வழியில் சளிக் கிருமி நுழையும்.

விடியலில் கதவைத் திறந்ததும் கோழியின் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி முகர்ந்தால் தெரியாது. கண் எரிந்தால் அமோனியா அளவு மீறிவிட்டது. அடுத்து, தரையில் பரப்பிய உமியில் ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அந்த இடத்தை வாரிவிட்டுக் காய்ந்த உமியை 2, 3 அங்குலத்துக்குப் பரப்புங்கள். ஈரம் பெரும்பாலும் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் இருக்கும். தட்டைச் செங்கல்மேல் ஏற்றி வைத்தாலே பாதி சிந்தாது.

தார்ப்பாயை ஊதக்காற்று அடிக்கும் பக்கம், கோழி அடையும் உயரம்வரை கட்டினால் போதும். கூரைக்கடியில் ஒரு அடி திறந்தே இருக்கட்டும். அடைய மரக்கம்பு வையுங்கள். இரும்புக் குழாய் காலைச் சில்லிட வைக்கும்.

குஞ்சு கதை வேறு. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில், 30 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காமல் எல்.இ.டி.யை மாட்டிவிட்டுக் குஞ்சு ஏன் சாகிறது என்று திகைப்பவர்கள் இப்போது நிறைய. வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு பற்றவில்லை, ஓரமாய் ஒதுங்கி வாயைத் திறந்தால் அதிகம்.

சாயங்காலம் அடையும் முன் மக்காச்சோளமோ கம்போ ஒரு கைப்பிடி கூடுதலாக இறையுங்கள். இரவில் செரிக்கும்போது உடம்புக்குச் சூடு. பகல் சுருங்குவதால் முட்டை குறைவது இயல்புதான்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் துளசியும் மஞ்சளும் தடுப்பாகாது. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையடியில் தடுப்பூசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே சுணங்கி நிற்கும் கோழிக்குப் போடாதீர்கள்.