அணு உலை சுமந்து பறந்த விமானம்

1958-இல் ஃபோர்டு நிறுவனம் 'நியூக்ளியான்' என்றொரு காரின் மாதிரியைக் காட்டியது. பெட்ரோல் டேங்க் கிடையாது, பின்பக்கம் ஒரு குட்டி அணு உலை. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 5,000 மைல் ஓடும் என்றார்கள். அசல் காரில் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள அந்தப் பொம்மையோடு கதை முடிந்தது.

கனவு வீண் கனவல்ல. அணு உலையின் எரிபொருளான யுரேனியம்-235 ஒரு கிலோ முழுதும் பிளந்தால், 2,000 டன்னுக்கும் அதிகமான நிலக்கரியை எரித்த வெப்பம் கிடைக்கும். விமானத்தின் ஜெட் இன்ஜினில் மண்ணெண்ணெய் எரிந்து காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்றை உலையின் நடுவே செலுத்தினாலும் அது சூடாகும், டர்பைனும் சுழலும். 1956-இல் அமெரிக்காவின் ஐடஹோவில் தரையில் வைத்து இப்படியே ஜெட் இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள்.

சிக்கல் கதிர்வீச்சில் இருந்தது. காமாக் கதிரைத் தடுக்க ஈயம் போன்ற கனமான பொருள் வேண்டும். நியூட்ரானை மந்தப்படுத்த ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரோ ரப்பரோ வேண்டும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஈயம் காமாக் கதிரைப் பாதியாக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உலையின் சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் கவசத்தின் தடிமனில் குறைவது வெறும் பத்து சென்டிமீட்டர்தான். வண்டி சிறுத்தாலும் கவசம் அந்த அளவுக்குச் சிறுக்காது. கார் தோற்றது இங்கேதான்.

விமானத்துக்கு ஒரு வழி யோசித்தார்கள்: உலையைச் சுற்றிலும் மூடாமல், விமானிகள் இருக்கும் பக்கத்தில் மட்டும் கனமான தடுப்பு. ஆனால் பக்கவாட்டில் வெளியேறும் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறி, சுற்றி வளைத்து விமானிகளிடம் வந்துவிடும். அதனால் அவர்களின் அறைக்கும் தனிக் கவசம் தேவைப்பட்டது. 1955 முதல் 1957 வரை, என்பி-36எச் என்ற விமானம் ஒரு மெகாவாட் உலையைச் சுமந்து 47 முறை பறந்து இதைச் சோதித்தது. உலை அதை இயக்கவில்லை, அதை ஓட்டியதெல்லாம் வழக்கமான எரிபொருள்தான். விமானிகளின் அறையை மூடிய ஈயமும் ரப்பரும் மட்டுமே பத்து டன்னைத் தாண்டின. முன்பக்கக் கண்ணாடியின் தடிமன் ஓரடியை நெருங்கியது! அத்தனை கனத்துக்கு நடுவே உட்கார்ந்து பறந்தவர்களின் துணிச்சலை எண்ணி வியக்கிறேன்.

அதே ஆண்டுகளில் 'நாட்டிலஸ்' நீர்மூழ்கி அணுசக்தியில் கடல் கடந்துகொண்டிருந்தது. அதன் கவசச் சுமையைத் தண்ணீர் தாங்கிக்கொண்டது. விமானமோ ஒவ்வொரு கிலோவையும் தானே தூக்கவேண்டும். பதினைந்து ஆண்டுகளும் சுமார் 100 கோடி டாலரும் செலவான பிறகு, 1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி அணு விமானத் திட்டத்தை நிறுத்தினார். சோதனை இன்ஜின்களில் இரண்டு இன்னும் ஐடஹோவில் ஓர் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கின்றன.