டெக்சாஸில் முதல் வான்கோழி வேட்டை: துப்பாக்கிக்கு முன்னால் லைசென்ஸ்

டெக்சாஸில் வேட்டைக்குப் போக ஆசைப்படும் நம்மவர்கள் முதலில் கேட்பது "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்பதுதான். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 மாதிரி தற்காலிக (நான்-இமிகிரன்ட்) விசாவில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும். வேட்டை லைசென்ஸ் கைக்கு வராமல் துப்பாக்கியைத் தொடுவதே அவர்களுக்குக் குற்றம். தமிழ்நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே சட்டவிரோதம் என்று மனசில் பதிந்திருக்கிறது. இங்கே அரசே வேட்டைக்கு லைசென்ஸ் விற்கிறது. ஆனால் அதை எந்த வரிசையில் வாங்குகிறோம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

விசாக்காரர்களுக்கு மட்டும் உள்ள விதி

அமெரிக்க மத்தியச் சட்டத்தின் 18-ஆம் தொகுப்பு, 922-ஆம் பிரிவு, நான்-இமிகிரன்ட் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவிலேயே விலக்கும் உண்டு: அமெரிக்காவில் முறையாகக் கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

இந்த விலக்கைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் அல்ல. ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுடுவதும், நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் அதில் சேரும். ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்த அப்பாவை ரேன்ச்சுக்குக் கூட்டிப்போய், "சும்மா பிடிங்கப்பா, ஒரு போட்டோ" என்று கையில் கொடுப்பதும் அப்படித்தான். விளையாட்டாகச் செய்கிற காரியம். ஆனால் அதிகபட்சத் தண்டனை 2022-க்குப் பிறகு 15 வருடச் சிறை. நாடு கடத்தப்படும் ஆபத்து தனி.

அடுத்த சிக்கல் தேதி. பொதுவான டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் நீங்கள் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். வசந்தகால வான்கோழி சீசன் மே மாதமே முடிவதால், செப்டம்பரில் பலருக்கு லைசென்ஸ் நினைப்பே இருக்காது. துப்பாக்கி மட்டும் அலமாரியில் இருக்கும். விசாக்காரர் வீட்டில் செப்டம்பர் 1 அன்று புது லைசென்ஸ் இல்லாமல் அது இருந்தால், முந்தைய நாள் வரை இருந்த பாதுகாப்பு போய்விட்டது. புது வருட லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும். வேட்டைக்குப் போகிறீர்களோ இல்லையோ, துப்பாக்கி வீட்டில் இருக்கும்வரை வருடம் தவறாமல் புதுப்பியுங்கள்.

கணவருக்கு லைசென்ஸ் உண்டு, எச்-4-இல் இருக்கும் மனைவிக்கு இல்லை என்றால் பெட்டகத்தின் சாவியும் எண்ணும் கணவரிடம் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் இருவருமே லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது; 25 டாலர்தானே. விசா காலம் தாண்டித் தங்கியவருக்கு எந்த லைசென்ஸும் கைகொடுக்காது. ஸ்டேட்டஸில் ஏதாவது இழுபறி இருந்தால் இமிகிரேஷன் வக்கீலைக் கேட்காமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

இத்தனையும் தலைவலி என்று தோன்றினால் வில் அம்பு இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் அது துப்பாக்கி ஆகாது, டெக்சாஸில் வான்கோழிக்கு அனுமதிக்கப்பட்டதும்கூட. ஆனால் முதல் வேட்டையிலேயே அம்பால் வான்கோழி அடிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.

பாடம் முதலில், லைசென்ஸ் பிறகு

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் என்னும் வேட்டைப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். அதில் சுட்டுக் காட்ட வேண்டியதில்லை. எனவே லைசென்ஸுக்கு முன் துப்பாக்கியைத் தொட வேண்டிய சங்கடம் வராது. குழந்தைகள் 9 வயதிலிருந்து சான்றிதழ் பெறலாம். ஒருமுறை பெற்றால் ஆயுசுக்கும் போதும், மற்ற மாநிலங்களிலும் செல்லும்.

படிக்க நேரம் இல்லை, சீசன் வந்துவிட்டது என்பவர்களுக்கு 10 டாலர் கட்டி ஒருமுறை மட்டும் தள்ளிப்போடும் வசதி உண்டு. வயது 17 ஆகியிருக்க வேண்டும். பாடம் முடித்த அல்லது அதிலிருந்து விலக்குள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பேச்சுக்குரல் எட்டும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதை வாங்காதீர்கள். அந்தப் பாடத்தில் சொல்லும் விஷயம் எல்லாம் ஒரு வாரக் கடைசியில் முடிகிற சமாச்சாரம், உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

லைசென்ஸ் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்திலும், வால்மார்ட், அகாடமி மாதிரி கடைகளிலும் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்திருந்தால், உள்ளூர்வாசிக்கான 25 டாலர் லைசென்ஸ். அதோடு 7 டாலருக்கு "அப்லேண்ட் கேம் பேர்ட்" (வான்கோழி மாதிரி நிலப்பறவைகளுக்கான) முத்திரையும் வாங்க வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இதைத்தான். அது இல்லாமல் வான்கோழி சுட்டால், வேட்டை லைசென்ஸ் இருந்தும் விதிமீறல்தான். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான லைசென்ஸ் 7 டாலர். எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கும் மேலே சொன்ன மத்தியத் தடை பொருந்தும் என்பதால் அதை வாங்கிவிடுங்கள். வெளிமாநிலத்தவருக்கு வசந்தகால வான்கோழிக்கு மட்டுமான லைசென்ஸ் 126 டாலர், முத்திரை தனி. 48 டாலருக்கு ஐந்து நாள் லைசென்ஸ் ஒன்று மலிவாகத் தெரியும். அதில் வான்கோழி அடங்காது.

லைசென்ஸ் வாங்குவதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது நிலப்பரப்போடு, எத்தனை பேர் வேட்டை லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதையும் பார்க்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போன காட்டு வான்கோழி இன்று பல லட்சமாகப் பெருகியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எந்த நிலத்தில், எப்போது

டெக்சாஸில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் காலை வைக்கக் கூடாது. மரத்திலோ வேலிக்கம்பத்திலோ எட்டு அங்குல நீளத்துக்கு ஊதாநிறப் பெயின்ட் கோடு நின்றவாக்கில் இருந்தால், "உள்ளே வராதே" என்று பலகை வைத்ததற்குச் சமம். நம் கண்ணுக்கு அது சர்வே குறி போலத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடும் நிலச் சொந்தக்காரர் தன் பங்குக்கு ஹன்டிங் லீஸ் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. லீஸ் கட்டுப்படியாகாதவர்களுக்கு 48 டாலரில் வருடாந்தரப் பொது வேட்டைப் பெர்மிட் இருக்கிறது. குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கும் வேட்டைகளும் உண்டு.

வசந்தகாலச் சீசன் தெற்கு மண்டலத்தில் மார்ச் நடுவில் தொடங்குகிறது, வடக்கில் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ. கிழக்கு டெக்சாஸில் ஏப்ரல் 22 முதல் மே 14 வரை. சில கவுண்டிகளில் (மாவட்டங்களில்) சீசனே கிடையாது. கெர்வில், ஜங்ஷன், மேசன் பக்கத்து மலைக்காட்டில் இருப்பது ரியோ கிராண்டே வகை. கிழக்கில் ஈஸ்டர்ன் வகை. ஈஸ்டர்ன் வகைக் கவுண்டிகளில் ரைஃபிள் கூடாது, இரை போட்டு வரவழைக்கவும் கூடாது, வருடத்துக்கு ஒரு சேவல்தான். எனவே லைசென்ஸைவிட முன்னாலேயே கவுண்டியை முடிவு செய்து, அந்த வருட விதிப்பக்கத்தைப் படித்துவிடுங்கள். வருடா வருடம் மாற்றுவார்கள்.

வசந்தத்தில் சேவலைத்தான் சுடலாம். ரியோ கிராண்டே பகுதிகளில் தாடியுள்ள பெட்டைக்கும் அனுமதி உண்டு. தாடி என்பது நெஞ்சின் நடுவிலிருந்து குதிரைவால் முடி மாதிரி தொங்கும் கற்றை. அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதவரை விரல் டிரிக்கருக்குப் போகக் கூடாது.

ஓடித் துரத்துகிற வேட்டை அல்ல இது. விடிவதற்கு முன்பே போய், உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டையின் குரலில் கூப்பிட்டுச் சேவலை வரவழைப்பது. முதல் தடவைக்குப் பெட்டிபோன்ற மரக்கருவியே போதும். நாக்கில் வைத்து ஊதும் சவ்வு பழக நாளாகும். பறவையின் கண் மகா கூர்மை, முகத்துக்கும் கைக்கும்கூடப் பச்சைத்துணி வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலையில் இருக்கும் நிறங்கள் என்பதால் கைக்குட்டையில்கூட அவை இருக்கக் கூடாது. குரல் கேட்கும் திசையில் பதுங்கிப் போகவும் கூடாது. அங்கே கூப்பிடுவது உங்களைப்போல இன்னொரு மனிதராக இருக்கலாம்.

லைசென்ஸ் வந்தபின் ஒருநாள் ரேஞ்சுக்குப் போய், 40 கஜத்தில் காகிதம் வைத்து உங்கள் ஷாட்கன் ரவைகளை எப்படிப் பரப்புகிறது என்று பாருங்கள். குறி பறவையின் தலையும் கழுத்தும்தான். கடையில் துப்பாக்கி வாங்கும் விசாக்காரர்கள் 4473 படிவத்தில் தங்கள் விசா நிலையை உள்ளபடி எழுதி, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) எண்ணையும் வேட்டை லைசென்ஸையும் காட்ட வேண்டும்.

பறவை விழுந்த பிறகு

உடனே டேக், அதாவது அடையாளச் சீட்டு. லைசென்ஸோடு வரும் வான்கோழி டேகில் மாதத்தையும் தேதியையும் வெட்டி, விவரத்தைப் பேனாவால் எழுதி, அங்கேயே பறவையில் கட்ட வேண்டும். வண்டிக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்பது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் கேம் வார்டனிடம் எடுபடாது. டிஜிட்டல் லைசென்ஸ் எடுத்தவர்கள் செயலியிலேயே டேக் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் துறையின் வேட்டைப் பதிவுச் செயலியில் பதிய வேண்டும். சேவல் என்பதற்கு அடையாளமாக முள்ளோடு கூடிய ஒரு காலையோ, தாடியோடு கூடிய நெஞ்சுத்தோலையோ பறவையோடு விட்டுவைக்க வேண்டும். அங்கேயே முழுவதும் உரித்துத் துண்டு போட்டு ஐஸ்பெட்டியில் கொண்டுபோனால் அபராதம். காட்டைவிட்டு வெளியே தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கறியை விற்கக் கூடாது. நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் வீடு சேரும்வரை அவரிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும்: யார் சுட்டது, லைசென்ஸ் எண், தேதி, இடம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட வைல்ட்லைஃப் ரிசோர்ஸ் டாக்குமென்ட். விதிப்புத்தகத்திலேயே அதன் மாதிரி இருக்கும், இரண்டு பிரதி எடுத்து வண்டியில் போட்டுவையுங்கள்.