விலையை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறேன்

நிதிப் பகுப்பாய்வு வகுப்பில் ஒரே நிறுவனத்தின் ஐந்தாண்டுக் கணக்குகளை எல்லோருக்கும் கொடுப்பேன். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், ரொக்க ஓட்டம் எல்லாம் ஒன்றேதான். ஆனால் பாதிப் பேரின் தாள் மூலையில் பங்கின் சந்தை விலை 80 என்றிருக்கும். மீதிப் பேருக்கு 240. இரண்டுமே நான் இட்டுக்கட்டியவை. பங்கின் மதிப்பைக் கணக்கிடச் சொல்லி, விடைகளைப் பலகையில் எழுதினால், 80 பார்த்தவர்கள் கீழேயும் 240 பார்த்தவர்கள் மேலேயுமாக ஒதுங்கியிருப்பார்கள். எக்செல்லில் ஒரு சூத்திரமும் தவறியிருக்காது.

பிறகு எங்கே நழுவியது? ஒருமுறை ஒரு மாணவன் நிரந்தர வளர்ச்சி விகிதத்தை, அதாவது ரொக்க ஓட்டம் ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் கூடிக்கொண்டே போகும் என்ற அனுமானத்தை, 4லிருந்து 5, அதிலிருந்து 6 என்று ஏற்றிக்கொண்டே போனதைப் பின்னால் நின்று பார்த்தேன்.

"ஏன்ப்பா மாத்துறே?"

"விடை ரொம்பக் கம்மியா வருது மேடம்."

"எதைவிடக் கம்மி?"

பதில் இல்லை. மூலையில் இருந்த 240ஐவிட என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 10 சதவீதம், வளர்ச்சி 4 என்றால், அடுத்த ஆண்டு ரொக்க ஓட்டத்தை இரண்டின் வித்தியாசமான 6 சதவீதத்தால் வகுக்கிறோம், அதாவது ஏறக்குறைய 16.7ஆல் பெருக்குகிறோம். வளர்ச்சியை 6 ஆக்கினால் 25ஆல். ஒரே ஒரு கட்டத்தில் இரண்டு புள்ளி ஏற்றினால் மதிப்பு ஒன்றரை மடங்கு! ஆசை ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

முதலில் கண்ணில் பட்ட எண் நம் கணிப்பைத் தன் பக்கம் இழுப்பதற்கு நங்கூர விளைவு என்று பெயர். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி செய்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65 பார்த்தவர்களுக்கு 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இப்படியென்றால், சந்தை விலையைக் கேட்கவா வேண்டும்?

பாடத்திட்டங்களில், பண முடிவுகளில் மனம் இப்படிச் சறுக்குவதைப் படிக்கும் நடத்தைசார் நிதியியல் கடைசி அத்தியாயமாக ஒட்டிக்கொண்டிருப்பதில்தான் எனக்குக் குறை. மாணவர்கள் இத்தகைய மனச்சார்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்து, அடுத்தவர் தவறுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். பெயர் தெரிந்துவிட்டால் நோய் தீராது. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் என் கண் முதலில் விலையைத்தான் தேடுகிறது.

ஆகவே வேலை செய்யும் முறையையே மாற்றினேன். மதிப்பீட்டை முடித்துக் கையெழுத்துப் போடும்வரை விலை கிடையாது. ஒவ்வொரு அனுமானத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். மாற்றினால் பழையதை அழிக்காமல் அடித்துவிட்டு, தேதியோடு புதிய காரணம். 'விடை குறைவாக வந்தது' என்பது காரணமாகாது. கையில் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடம் இன்னொரு கேள்வி: இது உங்களிடம் இல்லையென்றால் இன்றைய விலைக்கு வாங்குவீர்களா? நட்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொண்டு, லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்கும் பழக்கத்தை நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985இலேயே விவரித்துவிட்டார்கள். நீங்கள் வாங்கிய விலை அந்த நிறுவனத்தின் எந்த நிதிநிலை அறிக்கையிலும் இருக்காது, ஆனாலும் முடிவை அதுவே எடுக்கிறது.

கடைசியாக, இந்த மதிப்பீடு ஓராண்டில் படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அதற்கான காரணத்தை எழுதச் சொல்வேன். தாளை உறையில் போட்டு ஒட்டி நானே வைத்துக்கொள்வேன். அடுத்த ஆண்டு யாராவது "நான் அப்பவே சொன்னேனே மேடம்" என்று வருவார்கள். உறையைப் பிரித்தால், பெரும்பாலும் வேறெதையோ எழுதியிருப்பார்கள்.